எனக்கு வந்துருச்சு, ஐ காட் இட்: ‘கெட்’ (get) என்ற ஆங்கிலச் சொல்லோடு பழகும் வழி

எனக்குப் பத்தொன்பது வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் சின்னக் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்து 3 நாள்தான் ஆகியிருந்தது. மாசக் கடைசியில் செக்ரோலை (ஆட்களின் வருகைப் பதிவேட்டை) எப்படி முடிப்பது என்று தோட்டத்து மேலாளரான துரை எனக்கு விளக்கினார். வேலைக்கு வராதவர்களுக்கு என்ன குறி, அரை நாளுக்கு என்ன குறி என்று நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “கெட் இட்?” நான் “யெஸ் சார்” என்று ஓடிப்போய் அலமாரியிலிருந்த தடித்த செக்ரோல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மேசையில் வைத்தேன். தூசி பறந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய கிராணிதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “புரிஞ்சுதான்னு கேட்டாரு தம்பி, எடுத்துட்டு வரச் சொல்லல” என்றார்.

அன்றைக்கு நான் செய்தது முழுத் தப்பும் இல்லை. ‘கெட் இட்’ என்றால் ‘போய் எடுத்து வா’ என்றும் பொருள் உண்டு. கடைசியில் குரல் ஏறினால் கேள்வி, இறங்கினால் வேலை. எனக்கு அந்தக் காது அப்போது இல்லை, அவ்வளவுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் கோவில் மண்டபத்தில் சிலருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு டவுன் பக்கத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்து ஃபேக்டரி வேலை தேடுகிற அக்காமார்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்து கடைகளில் நிற்கிற தம்பிகள் எல்லாரும் வருவார்கள். எல்லாரும் முதலில் தடுக்கி விழுவது இந்த மூன்றெழுத்துச் சொல்லில்தான். அகராதியைப் பார்த்தால் ‘பெறு’ என்று போட்டிருக்கும். நம் வீட்டில் யாராவது “நான் காய்ச்சல் பெற்றேன்” என்று சொல்வோமா? அந்த ‘பெறு’வை இன்றைக்கே மறந்துவிடுங்கள்.

முதல் படி: வாயில் சரியாக வரட்டும்

இது சின்ன விஷயம்தான், ஆனால் முதலிலேயே பழகிக்கொள்வது நல்லது. நம் நாக்கு எந்தச் சொல்லின் வாலிலும் ஓர் ‘உ’ சேர்த்துவிடும். பஸ் என்பது பஸ்ஸு, கேட் என்பது கேட்டு. அதேபோல ‘கெட்டு’ என்று சொன்னால் கேட்பவருக்கு வேறு ஏதோ சொல் போலப் படும். நாக்கு நுனியை மேலே ஒட்டி அங்கேயே நிறுத்திவிடுங்கள்: கெட். நேற்று நடந்தது என்றால் காட் (got). அமெரிக்கர்கள் ‘ஹேவ்’ வரும் இடத்தில் காட்டன் (gotten) என்றும் சொல்வார்கள், அது பருத்தி அல்ல. நம் பள்ளிக்கூடங்களில் பிரிட்டிஷ் முறைதான் என்பதால் பரீட்சையில் ‘ஹேவ் காட்’ போதும்.

இரண்டாம் படி: ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களைப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் பல விஷயங்களை நாம் செய்வதில்லை, அவை நமக்கு வந்து சேர்கின்றன. எனக்கு வேலை கிடைச்சிருச்சு. எனக்குக் காய்ச்சல் வந்துருச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு. எனக்குப் புரிஞ்சிருச்சு. இந்த வாக்கியங்களில் ‘நான்’ எங்கேயும் இல்லை.

ஆங்கிலக்காரனுக்கு ‘எனக்கு’ என்று தொடங்கவே வராது. அவனுக்கு முதலில் ‘ஐ’ வேண்டும். நமக்கு வந்து சேர்ந்ததை ‘ஐ’ போட்டுச் சொல்ல அவன் வைத்திருக்கும் வழிதான் கெட். ஐ காட் எ ஜாப். ஐ காட் எ ஃபீவர். ஐ காட் ஆங்ரி. ஐ காட் இட். தமிழில் கிடைத்தது, வந்தது, புரிந்தது என்று தனித்தனி வினை, அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நமக்கு ஆங்கிலத்தில் இப்படி ஒரு சலுகை கிடைப்பது அபூர்வம், விட்டுவிடக் கூடாது.

‘எனக்கு’ என்று தொடங்கும் எல்லாமே இதில் அடங்குமா என்றால், இல்லை. அதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வகுப்பில் இதற்கு ‘ருச்சு சோதனை’ என்று பெயர். வாக்கியத்தின் வாலில் ‘ருச்சு’ வந்தால், அதாவது இல்லாத ஒன்று புதிதாக வந்து சேர்ந்தால், காட். ‘ருச்சு’ இல்லை என்றால் வேறு சொல். “எனக்குத் தெரியும்” என்பதில் ‘ருச்சு’ இல்லை, ஆகவே ஐ நோ. “எனக்குத் தெரிஞ்சிருச்சு” என்றால் ஐ காட் டு நோ. “எனக்குப் பசிக்குது” என்றால் ஐ ஆம் ஹங்ரி. பசி மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி. “எனக்குப் பழகிருச்சு” என்பது ஐ காட் யூஸ்ட் டு இட்.

சில இடங்களில் சோதனை ஏமாற்றும். “எனக்கு வேலை போயிருச்சு” என்பதிலும் ‘ருச்சு’ இருக்கிறது. ஆனால் அது போனது, வந்ததல்ல. அங்கே ஐ லாஸ்ட் மை ஜாப். உள்ளே வருவதற்குத்தான் கெட்.

மூன்றாம் படி: கெட்டுக்குப் பின்னால் நிற்பவரைப் பாருங்கள்

கெட் தனியாக எந்தப் பொருளும் தராது. பின்னால் யார் நிற்கிறார் என்பதை வைத்துத்தான் அதன் வேலை.

பொருள் நின்றால் கிடை, வாங்கு, எடுத்து வா. “ஐ காட் திஸ் ஷர்ட் அட் த பாசார் மாலாம்” என்றால் இரவுச் சந்தையில் வாங்கினேன். “ஐ காட் எ லெட்டர்” என்றால் வந்தது. “கேன் யூ கெட் மி எ தே தாரிக்?” என்றால் போய் ஒரு டீ வாங்கி வந்து தர முடியுமா என்று கேட்பது. இங்கே முன்னால் ‘கேன் யூ’ போடாமல் “கெட் மி எ தே தாரிக்” என்று ஒட்டுக்கடையில் சொன்னால், தமிழில் “ஏய், போய் எடுத்துட்டு வா” என்பது போல இருக்கும். கடைக்கார அண்ணன் கொண்டு வந்து வைப்பார், வைக்கிற விதத்தில் தெரியும்.

நிலைமையைச் சொல்லும் சொல் நின்றால் ‘ஆகு’. கெட் ஓல்ட், கெட் டார்க், கெட் மேரிட், கெட் வெட். இங்கேதான் நம் பிள்ளைகள் ‘இஸ்’ஸையும் ‘கெட்’டையும் குழப்புவார்கள். “ஹி இஸ் மேரிட்” என்றால் அவர் கல்யாணமானவர். “ஹி காட் மேரிட்” என்றால் கல்யாணம் நடந்துவிட்டது, பந்தி போட்டு சாப்பிட்டுவிட்டு வந்தாயிற்று.

கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். டாக்டர் கேட்கிற முக்கியமான கேள்வியே இதில்தான் வரும்: “இஸ் இட் கெட்டிங் பெட்டர் ஆர் வோர்ஸ்?” குறைகிறதா, கூடுகிறதா? ஒரு அக்கா ‘பெட்டர்’ மட்டும் காதில் விழுந்து, பெரிய டாக்டர்கிட்டப் போகச் சொல்றார் போல என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். கால் புண் ஆறவில்லை, ஆனால் சீட்டில் ஆறுகிறது என்று எழுதியாயிற்று. அவர் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி: “இட் இஸ் கெட்டிங் வோர்ஸ்.” கூடவே “ஐ காண்ட் கெட் எனி ஸ்லீப்” என்றால் ராத்திரி தூக்கமே வரவில்லை என்று அர்த்தம். கடைசியாக “கேன் ஐ கெட் அன் எம்.சி.?”, மருத்துவ விடுப்புச் சீட்டு கிடைக்குமா என்பது. அதை யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

இடம் நின்றால் போய்ச் சேர்வது. “ஐ வென்ட் டு ஈப்போ அட் எய்ட்” என்றால் 8 மணிக்குப் போனேன். “ஐ காட் டு ஈப்போ அட் எய்ட்” என்றால் 8 மணிக்கு அங்கே கால் வைத்துவிட்டேன். வழி கேட்கும்போது நம் ஊரில் எல்லா இனத்தவரும் “ஹவ் டு கோ மேடான் கிட்?” என்றுதான் கேட்கிறோம், பதிலும் வருகிறது. இன்டர்வியூவுக்குப் போகிற இடத்தில் பாதுகாவலரிடம் கேட்பதென்றால் “ஹவ் டு ஐ கெட் டு தி ஆபீஸ்?” என்று கேட்டுப் பழகுங்கள். வீடு மட்டும் விதிவிலக்கு. ‘வீட்டுக்கு’ என்று நாம் ‘க்கு’ சேர்ப்பதால் கை தன்னால் “காட் டு ஹோம்” என்று எழுதிவிடும். ஹோமில் அந்தக் ‘க்கு’ ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. ஐ காட் ஹோம், அவ்வளவுதான். ஹியர், தேர் இரண்டும் இதே ஜாதி.

நான்காம் படி: கெனா

மலாய் தெரிந்தவர்களுக்கு இந்தப் படி பாதி முடிந்த மாதிரி. கெனா மாரா, கெனா சமான், கெனா டிப்பு. திட்டு வாங்கினேன், சம்மன் வந்தது, ஏமாந்துபோனேன். ஆங்கிலத்தில் இந்தக் கெனாவின் இடத்தில் உட்காருவது கெட்தான்: ஐ காட் ஸ்கோல்டட், ஐ காட் ஃபைன்ட், ஐ காட் சீட்டட். பின்னால் நிற்பது வினையின் மூன்றாம் வடிவமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

தமிழிலும் இந்தச் சூட்சுமம் உண்டு, நாம் கவனித்ததில்லை. ‘வாங்கு’ என்றால் காசு கொடுத்து வாங்குவது. ஆனால் அடி வாங்கினான், திட்டு வாங்கினான், உதை வாங்கினான் என்கிறோமே, அதற்கு யார் காசு கொடுத்தது? வாங்குவதற்கும் படுவதற்கும் ஒரே சொல்லைத் தமிழும் வைத்திருக்கிறது, ஆங்கிலமும் வைத்திருக்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், “அப்ப ஆங்கிலம் நம்மகிட்ட இருந்து எடுத்துக்கிச்சா சார்?” என்று ஆவலோடு கேட்டான். இல்லை தம்பி. வைக்கிங் என்று சொல்கிறோமே, அந்த வட ஐரோப்பியக் கடலோடிகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’ என்ற சொல்தான் இங்கிலாந்தில் குடியேறி கெட் ஆனது. அவனுக்கு ஏமாற்றம்தான்.

இன்னொன்று: நாம் ‘சம்மன்’ என்கிறோம், மலாயில் சமான். ஆங்கிலத்தில் ஒரே ஒரு சம்மனாக இருந்தாலும் ‘எ சம்மன்ஸ்’தான். வாலில் இருக்கும் ‘ஸ்’ பன்மை இல்லை.

ஐந்தாம் படி: முடி வெட்டியது யார்?

“நேத்து முடி வெட்டிட்டு வந்தேன்” என்று தமிழில் சொன்னால் யாரும் குழம்பமாட்டார்கள். கத்தரிக்கோல் பிடித்தது முடிதிருத்தும் கடை அண்ணன் என்று எல்லாருக்கும் தெரியும். அதை அப்படியே “ஐ கட் மை ஹேர்” என்றால் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே வெட்டிக்கொண்டீர்கள் என்று பொருள். கொடுத்துச் செய்துகொண்டது என்றால் கெட் வரவேண்டும், பொருள் நடுவில் வரவேண்டும், வினை கடைசியில் வரவேண்டும்: ஐ காட் மை ஹேர் கட். ஐ காட் மை மோட்டார்பைக் ரிப்பேர்ட். ஐ காட் த ஃபார்ம் ஸ்டாம்ப்ட்.

ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிற தம்பி ஒருவன் இதை வேறு மாதிரி பிடித்துக்கொண்டான். தானே செய்தால் “ஐ ரிப்பேர்ட் இட்”, முதலாளி தன்னிடம் கொடுத்துச் செய்தால் “மை பாஸ் காட் மி டு ரிப்பேர் இட்”. சரிதான். ஆள் நடுவில் வந்தால் ‘டு’ சேர வேண்டும். இந்தக் ‘காட் மி டு’வில் கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் கெஞ்சல், ஒரு சமாதானம் இருக்கும். “மேட் மி ரிப்பேர் இட்” என்றால் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தார், அங்கே ‘டு’வும் கிடையாது. தன் பாஸுக்கு எது பொருந்தும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

ஆறாம் படி: ஏறுவதும் இறங்குவதும்

தமிழில் எதிலும் ஏறு, எதிலிருந்தும் இறங்கு. மலாயிலும் நாயிக், துருன் என்று இரண்டே சொல். ஆங்கிலத்தில் வண்டியைப் பார்த்துச் சொல் மாறும். உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் கெட் ஆன், கெட் ஆஃப்: பஸ், ரயில், கப்பல், விமானம். குனிந்து நுழைந்து உட்கார்கிற வண்டி என்றால் கெட் இன், கெட் அவுட்: காடி (கார்), டாக்சி. காலைத் தூக்கிப் போட்டு உட்கார்கிற மோட்டார், சைக்கிள், குதிரை எல்லாம் ஆன், ஆஃப். லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் இன், ஆட்களை ஏற்றிப் போகிற பின்தட்டில் தொற்றி ஏறினால் ஆன்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘கெட் டவுன்’ என்கிறோம். “அங்கிள், ஐ கெட் டவுன் ஹியர்.” மலேசியாவில் எல்லாருக்கும் புரியும், அதனால் யாரும் திருத்தவும் மாட்டார்கள். வெளிநாட்டுக்காரருக்கு ‘கெட் டவுன்’ என்றால் மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவது, அல்லது சத்தம் கேட்டதும் குனிந்து படுப்பது. இங்கே பேசும்போது நான் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. எழுதும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஈப்போவில் கார் ஓட்டி ஆள் ஏற்றுகிற தம்பி ஒருவன் நான் சொன்னதைக் கேட்டு, பயணியைப் பார்த்து மரியாதையாகத்தான், சிரித்துக்கொண்டே, “கெட் அவுட், மேடம்” என்றிருக்கிறான். இலக்கணம் சரி, காருக்கு அவுட்தான். ஆனால் தனியாக நிற்கும் ‘கெட் அவுட்’ என்றால் ‘வெளியே போ’. அன்றைக்கு அவனுக்கு எத்தனை நட்சத்திரம் விழுந்தது என்று நான் கேட்கவில்லை. “யூ கேன் கெட் அவுட் ஹியர்” என்று முன்னால் இரண்டு சொல், பின்னால் ஒரு சொல் போட்டிருந்தால் போதும்.

ஏழாம் படி: ஒட்டிக்கொண்டு வருகிற குட்டிச் சொற்கள்

கெட்டோடு ஒட்டும் குட்டிச் சொற்களுக்கு அளவில்லை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் ஒன்றும் தங்காது. வேலைக்கும் வீட்டுக்கும் வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

கெட் அப் என்பது படுக்கையை விட்டு எழுவது. கண் விழிப்பது வேக் அப். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போன என் அம்மா 4 மணிக்கு வேக் அப், 4 மணிக்கே கெட் அப். நான் 6 மணிக்கு வேக் அப், கெட் அப் எப்போது என்பது சனி ஞாயிறைப் பொறுத்தது. தமிழ்ச் சினிமாவில் ‘கெட்டப்’ என்கிறோமே, அது வேறு: ஆங்கிலத்திலும் அது உடுத்து, வேடம்.

கெட் அலாங் என்பது ஒத்துப்போவது. வேலை நேர்காணலில் “டு யூ கெட் அலாங் வித் அதர்ஸ்?” என்று கேட்டால் மற்றவர்களோடு சண்டை சச்சரவில்லாமல் இருப்பீர்களா என்று அர்த்தம். கெட் த்ரூ என்பது போன் லைன் கிடைப்பது: “ஐ காண்ட் கெட் த்ரூ.” கெட் ரிட் ஆஃப் என்பது ஒழித்துக்கட்டுவது, தூக்கிப் போடுவது. கெட் ஓவர் என்பது காய்ச்சலிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது.

கெட் பேக் டு யூ என்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இன்டர்வியூ முடிந்ததும் “வி வில் கெட் பேக் டு யூ” என்பார்கள். எங்கள் தாமானில் ஓர் அக்கா, அவர்கள் திரும்பி வருவார்கள் என்று புரிந்துகொண்டு, வீட்டை விட்டு அசையாமல் 2 நாள் உட்கார்ந்திருந்தார். வீட்டு முன்வாசல் அஞ்சடியைக்கூடக் கழுவி வைத்திருந்தார். யாரும் வரமாட்டார்கள் அக்கா. பிறகு பதில் சொல்கிறோம் என்பதுதான் அது. சில இடங்களில் ‘இல்லை’ என்பதை நல்ல விதமாகச் சொல்வதும் அதுதான். ஒரு வாரம் பொறுத்து நீங்களே போன் போட்டுக் கேட்கலாம், தப்பில்லை.

எட்டாம் படி: நம் ஊர் காட்

மலேசிய ஆங்கிலத்தில் காட் என்றால் இருக்கு. மலாய் ‘அடா’வின் மறுபிறவி. “பாஸ், ரோட்டி காட்?” “காட், காட்.” “யூ காட் ஈட் ஆல்ரெடி?” பசியாறியாச்சா என்பதைத்தான் இப்படிக் கேட்கிறோம். இதை நான் கேலி செய்யமாட்டேன். நான் ஒட்டுக்கடையில் பேசுவதும் இப்படித்தான். இரண்டு ஆங்கிலம் வைத்துக்கொள்ளுங்கள், சட்டை மாற்றுகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். இன்டர்வியூ சட்டையில் இருக்கும்போது “டு யூ ஹேவ் ரோட்டி?”, “ஹேவ் யூ ஈட்டன்?” நேற்று நடந்ததைக் கேட்பதென்றால் “யூ காட் கோ டெம்பிள்?” அல்ல, “டிட் யூ கோ டு த டெம்பிள்?”

மனுவிலும் கடிதத்திலும் கெட்டைக் குறையுங்கள். அது பேச்சுச் சொல். கடிதம் கிடைத்தது என்பதற்கு ரிசீவ்ட், அனுமதி பெற்றேன் என்பதற்கு ஒப்டேய்ன்ட், ஆனது என்பதற்கு பிகேம். வாட்ஸ்அப்பில் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஐந்து வாக்கியம் தருகிறேன், சத்தம் போட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். எனக்குச் சம்பளம் கிடைச்சிருச்சு. மழையில நனைஞ்சிட்டேன். பல் புடுங்கிட்டு வந்தேன். ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். எனக்கு ரெண்டு தங்கச்சி.

முதல் நான்கு: ஐ காட் மை சேலரி. ஐ காட் வெட் இன் த ரெயின். ஐ காட் மை டூத் புல்ட் அவுட். ஐ காட் ஹோம் அட் டென். ஐந்தாவதில் ‘எனக்கு’ இருக்கிறது, ‘ருச்சு’ இல்லை. தங்கச்சிமார் நேற்று வந்து சேர்ந்தவர்கள் அல்லவே. ஐ ஹேவ் டூ யங்கர் சிஸ்டர்ஸ். பிரிட்டிஷ்காரர் போலச் சொல்ல ஆசையிருந்தால் ‘ஐ ஹேவ் காட் டூ யங்கர் சிஸ்டர்ஸ்’ என்று சொல்லலாம். அங்கே ‘காட்’ சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது, ‘ஹேவ்’தான் வேலை செய்கிறது.